கோபுரம் சாயாத படம்

சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலின் ராஜகோபுரம் ஏழு நிலை, 134 அடி. அதன் முன்னால் நின்று ஒரு படமாவது எடுக்காத ஆள் குமரி மாவட்டத்தில் அபூர்வம். அந்தப் படங்களை நிதானமாகப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் கோபுரம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மேலே போகப் போகக் குறுகுவது கோபுரத்தின் இயல்பு என்பதால் சாய்வு உடனே கண்ணில் படாது. பக்கத்து மண்டபத் தூணும் தெருவிளக்குக் கம்பமும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் கோபுரத்தை நோக்கி உள்பக்கமாக விழுந்துகொண்டிருக்கும். கலசம் படத்துக்குள் வரவேண்டும் என்று கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வருகிற விளைவு இது.

நூறு வருடத்துக்கு முந்தைய நல்ல கோவில் படங்களில் இந்தச் சாய்வைக் காண்பது அரிது. அன்றைய மரக்கேமராவில் பெட்டியை அசைக்காமல் லென்ஸ் பலகையை மட்டும் மேலே தூக்கலாம். கேமரா தரைக்கு நேராக நிற்கும், லென்ஸ் மட்டும் ஏறும், கோபுரம் கோபுரமாகவே விழும். முன்னால் லென்ஸ் பலகை, பின்னால் தேய்த்த கண்ணாடி, நடுவில் துருத்தி என்ற அந்த அமைப்புக்குத்தான் வியூ கேமரா என்று பெயர். அந்த வசதியைத் தோளில் சுமக்கிற அளவிலும், இந்த ஊரின் அகலம் முழுவதும் அடங்குகிற லென்ஸோடும் அடைய முடியுமா? இந்தக் கேள்வி இங்கே படம் எடுத்த ஒவ்வொரு தலைமுறைக்கும் இருந்தது. விடைதான் ஒவ்வொரு காலத்திலும் வேறு.

அகலம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாஞ்சில் நாடு என்றால் சரியாகத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள். கல்குளமும் விளவங்கோடும் மேடும் பள்ளமுமாக ரப்பர் மண். நாஞ்சில் நாட்டில் நிலம் தட்டையாகக் கிடந்து, சட்டென்று மலையில் போய் முட்டும். தேரூர் குளத்துக் கரையில் நின்றால் வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள், தென்கிழக்கே தனியாக எழுந்து நிற்கும் மருந்துவாழ் மலை, இடையில் குளம், வயல், தென்னை, பனை. இந்தப் பக்கம் சாமித்தோப்பு உப்பளம், அதற்கப்பால் கடல். 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்ட சாதாரண கேமராவில் இதில் ஒரு மலையோ ஒரு வயலோ கிடைக்கும். மலைக்கும் வயலுக்கும் உள்ள நெருக்கம், இந்த ஊரின் முகமே அதுதான், கிடைக்காது.

திருவிதாங்கூர் அரசின் போட்டோகிராபராக இருந்தவர் சக்கரியா டி குரூஸ். 1900-ஆம் ஆண்டையொட்டி அவர் எடுத்த காட்சிகள் கொண்ட ஆல்பம் கர்சன் பிரபுவின் சேகரிப்பில் சேர்ந்து, இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரின் தென்கோடி. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆகவே நம் ஊரின் பழைய முகத்தைத் தேடுகிறவர் சென்னையைவிடத் திருவனந்தபுரத்தின் படங்களைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

அந்தக் காலத்துப் படக்காரருக்குக் கேமராவின் அளவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரிதாக இல்லை. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுவது வழக்கமாகாத காலம். கண்ணாடித் தகட்டைத் தாள்மேல் வைத்து வெயிலில் காட்டினால் தகடு எவ்வளவோ அவ்வளவுதான் படம். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய தகடு. 12-க்கு 10 அங்குலத் தகடு அன்று காட்சிப் படக்காரர்களிடம் சாதாரணமாகப் புழங்கிய அளவு. அப்படி ஒரு தகடு முந்நூறு, நானூறு கிராம் வரும். ஒரு டஜன் எடுத்தால் தகடு மட்டுமே நான்கு கிலோவை ஒட்டி வரும். அதற்கு மேல் பெட்டி, முக்காலி, லென்ஸ். ரயில் எட்டாத நாஞ்சில் நாட்டுக்கு அதெல்லாம் மாட்டு வண்டியில்தான் வந்திருக்க வேண்டும். 1871-ல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் தகட்டுக்கு வழி காட்டியிராவிட்டால் கூடாரமும் ரசாயனப் புட்டிகளும்கூட வண்டியில் ஏறியிருக்கும். அதற்கு முந்தைய ஈரத்தகட்டை, நின்ற இடத்திலேயே பூசி, எடுத்து, காய்வதற்குள் கழுவவேண்டும்.

வைடு லென்ஸ் அன்றும் இருந்தது. டி குரூஸின் காலமான அதே 1900-ல் ஜெர்மனியின் கோர்ஸ் நிறுவனம் ஹைப்பர்கான் என்ற லென்ஸைக் கொண்டுவந்தது. கோலிக்குண்டை இரண்டாகப் பிளந்ததுபோல இரண்டே கண்ணாடிகள், 130 பாகைக்கும் மேல் பார்வை. ஓரத்தைவிட நடுவில் வெளிச்சம் மிக அதிகமாக விழும் என்பதால், லென்ஸின் முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு சிறு விசிறி. ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றடித்தால் அது சுழன்று நடுவெளிச்சத்தைக் குறைக்கும். பிறகு விசிறியைத் தள்ளிவிட்டு மிச்ச நேரத்துக்கு வெளிச்சம் காட்ட வேண்டும். எஃப் 22 என்ற இருட்டில், அசையாத கட்டடத்தைத் தவிர வேறெதையும் அது எடுக்காது. அகலமும் வேண்டும், மூலையில் வெளிச்சமும் வேண்டும் என்ற இழுபறி அன்றைக்கே தொடங்கிவிட்டது.

மரக்கேமராவின் இரண்டாவது அத்தியாயம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆலப்புழையில் இசைக்கருவிகள் செய்து பழுதுபார்க்கும் குடும்பம் ஒன்றிடம், துருத்தி கிழிந்த வெளிநாட்டுக் கேமராவோடு ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தார். ஆர்மோனியத்தின் துருத்தியைத் தைக்கத் தெரிந்த கைக்குக் கேமராவின் துருத்தி கஷ்டமில்லை. அந்தக் குடும்பத்து இளைஞர் கருணாகரன் 1940-களில் முழுக் கேமராவையே செய்தார். தேக்கு மரம், பித்தளைப் பூட்டு, பெயர் வாகீஸ்வரி. இந்தியா முழுவதும் ஸ்டுடியோக்களுக்குப் போனது, கடல் கடந்தும் போனது. ஆலப்புழையும் நாகர்கோவிலும் அன்று ஒரே ராஜ்ஜியம் என்பதை நினைத்துக்கொண்டால், நம் பக்கத்து ஆசாரியின் கையில் பிறந்த கேமரா என்றே அதைச் சொல்லலாம். லென்ஸ் மட்டும் வெளிநாடு.

ஃபுல் பிளேட், ஹாஃப் பிளேட் என்று அளவு சொல்லி வேலை பார்த்த பழைய ஸ்டுடியோக்காரர்கள் சிலர் நாகர்கோவிலில் இன்னும் இருக்கிறார்கள். வடசேரிப் பக்கம் அப்படி ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தக் கேமராவின் கனத்தைப் பற்றித்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

“கனமெல்லாம் ஒரு காரியமா மக்கா? கூட ரெண்டு ஆளு போனாப் போச்சு. கல்யாண வீட்டுல குரூப்பு எடுக்கணும், பாத்துக்கோ. அறுபது பேரு நிப்பாவ. நான் பின்னால போய்ப் போய் நடையில இறங்கி ரோட்டுல நிப்பேன். அப்பவும் ரெண்டு ஓரத்துலயும் ஆளு வெட்டும். லென்ஸு வைடு இல்லேன்னா பந்தலயில்லா பிரிக்கணும்?”

“அப்ப வைடு லென்ஸ் வாங்கியிருக்கலாமே அண்ணாச்சி?”

“எங்க போயி வாங்க? கொழும்புலேருந்து யாராவது கொண்டாந்தா உண்டு. இல்லேன்னா கேமராவோட வந்ததுதான்.”

அந்தப் பதிலில் ஒரு காலத்தின் நிலைமை முழுவதும் இருக்கிறது. கேமரா இறக்குமதிக்கு நெடுங்காலம் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. உலகத்தில் என்ன இருக்கிறது என்பதற்கும் நாகர்கோவில் மணிமேடைப் பக்கத்து ஸ்டுடியோவில் என்ன இருக்கிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. மரக்கேமராவை ஓரமாக வைத்துவிட்டு ஸ்டுடியோக்கள் நேராக யாஷிகா, ரோலிகார்டு போன்ற இரட்டை லென்ஸ் பெட்டிக்குத் தாவின. அதில் ரோல் ஃபிலிம், பன்னிரண்டு படம், கழுத்தில் தொங்கும் கனம். லென்ஸைத் தூக்குகிற வசதி அன்றோடு போயிற்று. சுசீந்திரம் கோபுரம் சாயத் தொடங்கியது அப்போதிலிருந்துதான்.

கையடக்கத்தின் மறுகோடியைச் சொல்ல நெய்யூருக்குப் போகவேண்டும். டாக்டர் ஹோவர்டு சோமர்வெல் 1922-ல் எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டு, ஊரோடு தங்கி அறுவைச் சிகிச்சை செய்ய முடிவெடுத்தார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனபோது, ஜூன் 4-ஆம் தேதி 28,000 அடி உயரத்தில் தன் தோழர் நார்ட்டன் மேலே ஏறிக்கொண்டிருப்பதைப் படம் எடுத்தார். சில நாட்களில் மல்லோரியும் இர்வினும் உச்சியை நோக்கிக் கிளம்பியபோது மல்லோரிக்குத் தன்னுடைய கொடாக் வெஸ்ட் பாக்கெட் கேமராவைக் கொடுத்தனுப்பினார். இருவரும் திரும்பவில்லை. 1999-ல் மல்லோரியின் உடல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. மலையேறும் உலகம் தேடிவரும் அந்தக் கேமரா நம் நெய்யூர் டாக்டருடையது.

வெஸ்ட் பாக்கெட் மடக்கினால் சட்டைப்பையில் போகும், துருத்திகூட உண்டு. அந்தத் துருத்தி மடங்குவதற்கு மட்டுமே, லென்ஸைத் தூக்குவதற்கில்லை. எவரெஸ்டின் மேலே அது போதும். கீழே பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தை நேராக எடுக்க அது போதாது. ஆக ஒரு கோடியில் இரண்டு ஆள் சுமக்கும் தேக்குப் பெட்டி, மறுகோடியில் சட்டைப்பைக் கேமரா. இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. அதுதான் ரோல் ஃபிலிம் போடும் சிறிய வியூ கேமரா.

120 ரோல் ஃபிலிமைக் கொடாக் 1901-ல் கொண்டுவந்தது, இன்றும் விற்கிறது. அதில் 6-க்கு 9 சென்டிமீட்டர் என்று சொல்லப்படும் அளவில் எட்டுப் படம் விழும். உண்மையான நெகட்டிவ் 56-க்கு 84 மில்லிமீட்டர், 35 மி.மீ. ஃபிலிமைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். சுவர் அளவுக்குப் பிரிண்ட் போட்டாலும் தாங்கும். இந்த அளவுக்கென்றே ஜப்பானில் ஹார்ஸ்மேன் வி.எச்., ஜெர்மனியில் லின்ஹாஃப் டெக்னிகாவின் சிறிய வடிவம், தண்டவாளத்தில் நகரும் ஆர்கா-ஸ்விஸ், மரத்தில் எபோனி எஸ்.டபிள்யூ. 23 என்று பல வந்தன. நம் ஊர் ஸ்டுடியோக்களை அவை எட்டிப் பார்க்கவில்லை. இன்று பழைய சரக்காக ஜப்பானிலிருந்து தபாலில் வருகின்றன. சுங்கவரி கட்டினால் தோவாளையிலும் ஒருவர் வைத்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுக்கும் சிக்கல் இப்போதுதான் தொடங்குகிறது.

கடைக்காரர்கள் முதலில் சொல்வது, எத்தனை பக்கம் சாயும், எத்தனை பாகை திரும்பும் என்ற கணக்கு. முன்பலகையைச் சாய்த்தால் காலடி வரப்பும் தூரத்து மலையும் ஒன்றாகத் துலங்கும். ஆஸ்திரியாக்காரர் ஷைம்ப்ஃளுக் 1904-ல் எழுதிவைத்த விதி அது. வைடு லென்ஸ் வாங்குகிறவர் இந்த ஆசையில் மயங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 65 மி.மீ. லென்ஸை எஃப் 22-க்கு மூடி, இரண்டே முக்கால் மீட்டரில் குவித்தால், ஒன்றரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாகவே விழும். சாய்க்கவே வேண்டாம். வேண்டுமென்றாலும், ஒன்றரை மீட்டர் உயரத்து முக்காலியிலிருந்து தரையைத் துலக்க இரண்டரைப் பாகை சாய்வு போதும். கைவிரல் பட்டாலே அந்த அளவு மாறிவிடும். எனவே வைடு லென்ஸுக்கு, நிறைய வளைகிற கேமராவைவிட முன்பலகையும் பின்கண்ணாடியும் அரை மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் இணையாக நிற்கிற கேமராதான் உயர்ந்தது.

வேண்டியது ஏற்றம், அதாவது லென்ஸை மேலே தூக்குவது. சுசீந்திரத்துக்கே திரும்பிக் கணக்குப் போடலாம். 134 அடி என்றால் சுமார் 41 மீட்டர். கோபுரத்துக்கு 45 மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயர முக்காலியில், கேமராவை நெட்டுக்குத்தாக, நேராக நிறுத்துகிறோம். 65 மி.மீ. லென்ஸில் கலசம் மையத்திலிருந்து 57 மி.மீ. தூரத்தில் விழும். 84 மி.மீ. நெகட்டிவில் மையத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதோ 42 மி.மீ. மிச்சம் 15 மி.மீ.க்கு லென்ஸைத் தூக்கவேண்டும். தூக்கினால் கலசம் உள்ளே வரும், தெருவின் வெறும் தார் அதே அளவு வெளியே போகும். இதற்கு லென்ஸ் விழுத்தும் வெளிச்ச வட்டமும் இடம் கொடுக்கவேண்டும். ஷ்னைடரின் 65 மி.மீ. எஃப் 8 சூப்பர் ஆங்குலான் 155 மி.மீ. வட்டம் தருகிறது, தாராளம். 47 மி.மீ. எஃப் 5.6 பழைய சூப்பர் ஆங்குலானில் வட்டம் 123 மி.மீ.தான். அகலம் கூடுகிறது, தூக்கும் இடம் குறைகிறது. இரண்டும் வேண்டுமென்றால் பின்னால் வந்த 47 எக்ஸ்.எல்.; 166 மி.மீ. வட்டம். கனமும் விலையும் அதற்கேற்ப.

அடுத்த இடர், லென்ஸ் ஃபிலிமுக்கு எவ்வளவு அருகில் நிற்கவேண்டும் என்பது. 65 மி.மீ. லென்ஸ் சுமார் ஏழு சென்டிமீட்டர் தூரத்துக்கு வந்துவிடும். ஹார்ஸ்மேன், டெக்னிகா போல மடங்கிப் பெட்டிக்குள் போகும் கேமராக்களில் அந்தத் தூரத்துக்குக் கொண்டுவந்தால் முன்பலகை பெட்டியின் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். மேலே தூக்கினால் கூரையில் இடிக்கும். மடிப்புக் கேமராவை அழகுக்கும் அடக்கத்துக்கும் வாங்கிவிட்டு, வைடு லென்ஸ் போட்ட அன்றைக்கு ஏற்றமே இல்லை என்று தெரிந்தால் அந்த வாங்குதலுக்கு அர்த்தமில்லை. எபோனி எஸ்.டபிள்யூ. 23 இந்த விஷயத்தில் நேர்மையான கேமரா. மடங்காது, வைடு லென்ஸுக்கென்றே குட்டையாகச் செய்தது. மடிப்பு வைத்த துருத்திக்குப் பதிலாகப் பைபோலத் தொளதொளவென்று இருக்கும் துருத்தி போட்டால் லென்ஸ் தாராளமாக நகரும். உலோகப் பாகங்கள் டைட்டேனியம். மணக்குடிக் கழிமுகத்து உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூக்கும், இரும்பு துருப்பிடிக்கும், டைட்டேனியம் அப்படியே இருக்கும். அந்தக் கம்பெனி 2016-ல் மூடிவிட்டது. இனி உலகத்தில் புழங்குவது ஏற்கெனவே செய்தவை மட்டுமே.

குட்டைத் துருத்திக்கு நம் ஊரில் இன்னொரு லாபம் உண்டு. ஆனியிலிருந்து ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்றை அறியாதவர் இல்லை. பெரிய கேமராவின் நீண்ட துருத்தி அந்தக் காற்றை வாங்கி உதறும். அரை வினாடி வெளிச்சத்தில் நெகட்டிவ் முழுக்க நடுங்கும். குட்டைக் கேமராவை முக்காலியோடு தாழ வைத்து, அடியில் பையைக் கட்டித் தொங்கவிட்டால் பொய்கை அணைப் பக்கத்தில்கூட நிற்கும்.

தேரூர் கரையில் அதை வைத்துப் பார்த்தால் இப்படி இருக்கும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும் முதலில் இருட்டு. எஃப் 8 லென்ஸ் கொடுக்கிற வெளிச்சம் அவ்வளவுதான். கண் பழகப் பழகக் கண்ணாடியின் நடுவில் மட்டும் வெளிச்சம் ஊறும். மூலைகள் இருட்டாகவே இருக்கும், தலையைச் சரித்துப் பார்த்தால்தான் துலங்கும். உலகம் தலைகீழ். மலை கீழே தொங்க, கும்பப்பூ நெல் நடவுக்குத் தொலி கலக்கிய வயல் மேலே கிடக்கும். அதன்மேல் வெள்ளைப் புள்ளிகளாகக் கொக்குகள் நகரும். முன்பலகைத் திருகை மெல்லத் திருப்பினால் மலையுச்சி ஓரத்திலிருந்து உள்ளே வரும். உருப்பெருக்கியை மூலையில் வைத்துத் தென்னை ஓலையின் நுனி துலங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கண்ணாடியை எடுத்து ஃபிலிம் பெட்டியைச் செருகி, ஷட்டரை மூடி, தடுப்பை உருவி, அமுக்கவேண்டும். இதற்குள் கொக்கு பறந்துவிடும். மலை பறக்காது. இந்தக் கேமரா மலைக்கும் கட்டடத்துக்கும் ஆனது.

பத்மநாபபுரத்தில் நிலைமை வேறு. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள அரண்மனை அது; முக்காலி வைக்க அனுமதி கேட்டுத்தான் போகவேண்டும். தாழ்ந்த கூரை, குறுகிய நடை, மந்திரசாலையின் கறுத்துப் பளபளக்கும் தரை. பின்னால் போக இடமில்லாத அந்த அறைகளுக்கு 47 மி.மீ. லென்ஸே வேண்டும், 6-க்கு 9 அளவில் அது மூலைக்கு மூலை 94 பாகை பார்க்கும். அங்கே ஏற்றத்தைவிட இறக்கம் பயன்படும். லென்ஸைத் தாழ்த்தினால் உத்தரங்கள் குறைந்து, தரையில் விழும் பிம்பம் கூடும். மூலைகளில் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் குறைவதால் நடுவில் கறுத்த கண்ணாடி வடிகட்டி தேவை. ஹைப்பர்கானின் சுழலும் விசிறி செய்த வேலையைத்தான் அது இன்றும் செய்கிறது.

வெளியூர் நண்பர்கள் இரண்டு லென்ஸும் வாங்கச் சொல்வார்கள். நாஞ்சில் நாட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் நான் 65-ஐத்தான் சொல்வேன். 47-இல் மலை சிறுத்துவிடும். மகேந்திரகிரியும் மருந்துவாழ் மலையும் அடிவானத்தில் கோடு போலப் படுத்துவிட்டால் அந்தப் படத்தில் நாஞ்சில் நாடு இல்லை.

ஃபிலிம் கழுவுகிற இடம்தான் இன்றைய பெரிய சிக்கல். ஒரு காலத்தில் காலையில் கொடுத்தால் மாலையில் பிரிண்ட் தந்த கலர் லேப்கள் நாகர்கோவிலில் பெயர்ப்பலகையாக மட்டும் மிஞ்சின. உள்ளே ஆல்பம் வடிவமைக்கிற கணினிகள். கலர் ரோலைப் பெருநகரங்களுக்குத் தபாலில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையை வீட்டுக் குளியலறையிலேயே கழுவிவிடலாம், தண்ணீர்ச் சூட்டை மட்டும் கவனிக்கவேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 20 பாகைக்கு மேலேதான் நிற்கும். இரண்டு மழைக்காலமும் பெய்கிற ஊர் என்பதால் லென்ஸில் பூஞ்சை பிடிப்பதும் உறுதி. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால், தோல் பையே பூஞ்சைக்கு வீடாகிவிடும்.

டிஜிட்டலில் இதே வேலை முடியாதா என்ற கேள்வி நியாயமானது. முடியும், வேறு வழியில். ஃபியூஜியின் ஜி.எஃப்.எக்ஸ். கேமராவும் மீடியம் ஃபார்மட் என்றுதான் விற்கிறது. அதன் சென்சார் 43.8-க்கு 32.9 மி.மீ.; 6-க்கு 9 ஃபிலிமின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பழைய துருத்திக் கேமராவின் பின்னால் அதை மாட்டினால் நம் 47 மி.மீ. வைடு லென்ஸ் சாதாரண லென்ஸாகச் சுருங்கிவிடும். அதைவிடக் குட்டை லென்ஸ் போடலாமென்றால், கேமரா உடலின் ஆழமே 26.7 மி.மீ. இடத்தைத் தின்றுவிடுகிறது; துருத்திக்கு இடமில்லை. இந்த முட்டுக்கட்டையை உடைக்க ஃபியூஜி 2023-ல் துருத்தியைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஏற்றத்தையும் சாய்வையும் லென்ஸுக்குள்ளேயே வைத்தது. 30 மி.மீ. எஃப் 5.6, 15 மி.மீ. ஏற்றம், எட்டரைப் பாகை சாய்வு. சுசீந்திரம் கோபுரத்துக்கு 33 மீட்டர் வரை நெருங்கி, சாயாமல் எடுக்கலாம். விளைவு வியூ கேமராவினுடையதே. கொக்கையும் பிடிக்கலாம். விலை லட்சக்கணக்கில், ஒரு கல்யாண சீசன் முழுக்க உழைத்தாலும் நம் ஊர் ஸ்டுடியோக்காரரால் யோசித்துத்தான் வாங்கமுடியும்.

செல்போனிலும் கணினியிலும் சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்தும் வசதி வந்துவிட்டது. அன்றாடப் படத்துக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். நிமிர்த்தும்போது மேல்பகுதி இழுபட்டு விரிகிறது. கோபுரத்தின் ஐந்தாம், ஆறாம் நிலைச் சுதைச் சிற்பங்கள் இருக்கிற இடத்தில்தான் விவரம் கரைகிறது. எந்தச் சிற்பத்தின் கை எந்த வருடம் உடைந்தது என்று பிற்பாடு ஒருவர் பார்க்க விரும்பினால் அந்தப் படம் உதவாது.

அப்படிப் பார்க்கவேண்டிய தேவை இங்கே வேறெந்தக் காலத்தையும்விட இன்று அதிகம். 1990-களில் முப்பந்தலில் பெருகிய காற்றாலைகள் ஆரல்வாய்மொழியின் வானத்தையே மாற்றின. அரை வினாடி வெளிச்சத்தில் அவற்றின் இறக்கைகள் புகைபோல விழும். கடலில் 2000 ஜனவரி 1-ல் 133 அடி வள்ளுவர் சிலை எழுந்தது. 2024 கடைசியில் அதற்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவில் 77 மீட்டர்க் கண்ணாடிப் பாலம். தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறின. அதே குளங்களுக்கும் வயல்களுக்கும் நடுவில்தான் நான்குவழிச் சாலை மண்மேடாக எழுந்திருக்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் நெல் விளைந்த வயல்களில் மனை பிரிக்கும் கற்கள். வயலிலிருந்து மலைவரை தடையில்லாமல் ஓடிய பார்வை ஒவ்வொரு வருடமும் ஒரு மதில், ஒரு செல்போன் கோபுரம் என்று வெட்டுப்படுகிறது. டி குரூஸ் போன்றவர்களின் தகடுகள் இருப்பதால் 1900-ஐப் பற்றிக் கொஞ்சமாவது பேசமுடிகிறது. இன்றைய வயல்வெளிக்கு அப்படிப்பட்ட ஆவணம் இல்லை. கோடிக்கணக்கான செல்போன் படங்களில் மலை பெரும்பாலும் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

ஆகவே கேமரா வாங்க யோசிக்கும் இளைஞர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மாவட்டத்தை ஊர் ஊராகப் பதிவு செய்யும் எண்ணத்தோடு வாங்குங்கள். பணம் இருந்தால் ஜி.எஃப்.எக்ஸும் 30 மி.மீ.யும். இல்லையென்றால் மடங்காத, பைத்துருத்தி போடக்கூடிய பழைய 6-க்கு 9 வியூ கேமராவும் 65 மி.மீ. லென்ஸும். வாங்கும்போது இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் அடித்து ஓட்டை பாருங்கள்; மூலைமடிப்பில்தான் முதலில் பிரியும். முன்பலகைக்கும் பின்கண்ணாடிக்கும் இடைவெளியை நான்கு மூலையிலும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

தேரூர் கரை, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் 115 அடி உயரம், வட்டக்கோட்டை மதில், சிதறால் குன்று, தோவாளைப் பூந்தோட்டம், முட்டம் பாறைகள். எங்கே முக்காலி வைத்தாலும் நின்ற இடத்தின் ஜி.பி.எஸ். எண், தரையிலிருந்து லென்ஸின் உயரம், நோக்கிய திசை, லென்ஸ், ஏற்றம் எத்தனை மில்லிமீட்டர், தமிழ் மாதம், மணி, வயலில் என்ன பயிர் எந்தப் பருவம் என்பதை நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி, நெகட்டிவ் உறையின்மேலும் அதே எண்ணைப் போடுங்கள். பத்து வருடம் கழித்து அதே கல்லின்மேல் அதே உயரத்தில் முக்காலியை வைக்க வருகிறவருக்கு அவ்வளவும் தேவைப்படும்.